கிக்கை முதலில் செய், தங்கச்சி

ஹார்ட்கோர் இசை செய்யப் போகிறேன் என்று கிளம்பும் தங்கச்சிக்கு அக்கா சொல்லும் முதல் வார்த்தை: இப்போதைக்கு எதையும் வாங்காதே. காலேஜுக்கு வாங்கிய லேப்டாப், காதை முழுதாக மூடும் ஒரு ஹெட்போன், கையில் இருக்கும் செல்போன், இந்த மூன்றும் போதும். நம் ஊரான கடையத்தில் மச்சில் உட்கார்ந்தபடியே நிமிடத்துக்கு 180 அடி விழும் பாட்டைச் செய்துவிடலாம். கீபோர்டு, பெரிய ஸ்பீக்கர், சவுண்ட் கார்டு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவை இல்லாததால் யாருடைய பாட்டும் நின்றுபோனதில்லை.

ஆஸ்திரேலியாவில் நியூகாசல் என்று ஓர் ஊர், நிலக்கரியும் இரும்பாலையுமாக இருந்த ஊர். 1990களின் தொடக்கத்தில் அங்கே நாசன்ப்ளூட்டன் என்ற குழு அமிகா 500 என்ற வீட்டுக் கம்ப்யூட்டரில் ஹார்ட்கோர் செய்தது. அந்தக் கம்ப்யூட்டரின் நினைவகம் 512 கிலோபைட்தான். ஒலி 8 பிட், ஒரே நேரத்தில் நான்கு தடம் மட்டும். அந்தக் குழுவைச் சேர்ந்த மார்க் நியூலண்ட்ஸ் 1994இல் பிளடி ஃபிஸ்ட் என்ற லேபிளைத் தொடங்கினார். பெருநகரத்து ஸ்டுடியோ யாருக்கும் கிடைக்கவில்லை, ஆனாலும் அந்த இசைத்தட்டுகளை இன்றும் உலகம் முழுக்கத் தேடி வாங்குகிறார்கள். உன் லேப்டாப் எவ்வளவு பழசாக இருந்தாலும் அமிகாவைவிடப் பலமானது. ஆகையால் மெஷின் சரியில்லை என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடு.

சாஃப்ட்வேர் விஷயத்தில் என் தேர்வு எல்எம்எம்எஸ். 2004 முதல் இருக்கிறது, முழுக்க இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். எஃப்எல் ஸ்டுடியோ நல்லதுதான். அதன் இலவச டிரையலில் எல்லாம் செய்யலாம், சேமிக்கவும் செய்யலாம், ஆனால் மூடிய புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்காமல் மறுபடி திறக்க முடியாது. தெரியாமல் இரவு முழுக்க உட்கார்ந்து செய்துவிட்டுக் காலையில் அழுவாய். கிராக் செய்த பிரதியைப் பக்கத்திலேயே விடாதே. அதோடு வரும் வைரஸ் உன் பாட்டை மட்டுமா கொண்டுபோகும், அப்பாவின் பேங்க் விவரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும். எல்எம்எம்எஸில் நேரடியாகக் குரலையோ மேளத்தையோ ரெக்கார்ட் செய்ய வராது. அதற்கு ஆடாசிட்டி, அதுவும் இலவசம். செல்போனில் பிடித்ததை ஆடாசிட்டியில் வெட்டி, வேவ் ஃபைலாக எல்எம்எம்எஸுக்குள் கொண்டுவந்தால் ஆயிற்று.

இனி கிக். ஹார்ட்கோரின் உயிர் அந்தத் 'தொம்' அடியில்தான் இருக்கிறது. மற்ற இசையில் கிக் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இங்கே அதுவேதான் தாளம், அதுவேதான் பேஸ், பல நேரம் அதுவேதான் ராகமும். 1990இல் பிராங்க்ஃபர்ட்டில் மார்க் அகார்டிபேன், மெஸ்கலினம் யுனைடெட் என்ற பெயரில் 'வி ஹேவ் அரைவ்ட்' செய்தபோதும், அதன்பின் ராட்டர்டாமில் காபர் என்று அந்த இசை பரவியபோதும் வித்தை ஒன்றே: ரோலண்ட் டிஆர்-909 போன்ற டிரம் மெஷினின் கிக்கை, தாங்குகிற அளவைத் தாண்டி முறுக்கிக் கிழியவிடுவது. இதனால்தான் சொல்கிறேன், இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் கிக் பேக்கை இறக்கிப் போடாதே. அதே கிக்கை ஆயிரம் பேர் வைத்திருக்கிறார்கள். உன் கிக்கை நீயே செய். அதற்கு ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும். அந்த மாதத்தில் வேறு எதுவும் செய்யாவிட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

எல்எம்எம்எஸில் 'கிக்கர்' என்றே ஒரு கருவி இருக்கிறது. ஒரு சாதாரண அலை மேலிருந்து கீழே சறுக்கி விழுவதுதான் அதன் வேலை. தொடக்கத்தை 300 ஹெர்ட்ஸ் அளவில் வை, முடிவை 50க்குப் பக்கத்தில் வை. சறுக்கல் வேகமாக இருந்தால் அடி கூர்மையாக விழும், மெதுவானால் 'டொய்ங்' என்று விளையாட்டுச் சாமான் மாதிரி ஆகிவிடும். கேட்டுக்கேட்டுத் திருப்பு. இப்போது வந்திருப்பது சாதுவான கிக். இதை மிக்ஸரில் தனித் தடத்துக்கு அனுப்பி, வரிசையாக நான்கு எஃபெக்ட் போடு: முதலில் வேவ்ஷேப்பர், அடுத்து ஈக்குவலைசர், மறுபடி வேவ்ஷேப்பர், மறுபடி ஈக்குவலைசர்.

வரிசை ஏன் முக்கியம் என்றால், டிஸ்டார்ஷனுக்கு, அதாவது வேவ்ஷேப்பருக்கு, முன்னால் எந்தப் பகுதியை உயர்த்துகிறாயோ அதுதான் அதிகம் கிழியும். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் உயர்த்தினால் கிழிந்தது சத்தமாகக் கேட்கும், அவ்வளவே. ஆகவே முதல் வேவ்ஷேப்பரில் மிதமாக முறுக்கு. நடுவில் உள்ள ஈக்குவலைசரில் 200 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தைக் கொஞ்சம் தூக்கு. இரண்டாவதில் பயப்படாமல் முறுக்கு. கடைசி ஈக்குவலைசரில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடு, அது காதுக்குப் பெரிதாக வராது, ஸ்பீக்கரின் சக்தியை மட்டும் தின்னும். 3,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை காதைக் குத்தினால் அங்கேயும் குறை. இதெல்லாம் தொடங்கும் இடங்கள்தான். முடிவை உன் காது சொல்லும்.

இன்னொரு காரணத்துக்காகவும் கிழிக்க வேண்டும். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் செல்போன் ஸ்பீக்கரில்தான் பாட்டுக் கேட்கிறார்கள். 50 ஹெர்ட்ஸ் அதில் வரவே வராது. ஆனால் 49 ஹெர்ட்ஸ் அலையை மேலும் கீழும் ஒரே மாதிரி நசுக்கினால் அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வுகள், அதாவது 147, 245 என்று புதிதாகப் பிறக்கும். அதற்கும் மேலே ஏழு மடங்கு, ஒன்பது மடங்கு என்று போகும். சின்ன ஸ்பீக்கர் இவற்றில் மேலே உள்ளவற்றை வாசிக்கும். இவற்றைக் கேட்ட மூளை, அடியில் இல்லாத 49ஐத் தானே நிரப்பிக்கொள்ளும்.

அந்த 49ஐ நான் சும்மா எடுக்கவில்லை. பாட்டு வகுப்புக்குப் போனவளாயிருந்தால் உனக்கு உடனே விளங்கும்: அது 5 கட்டை சுருதி, சில ஸ்தாயி கீழே. 4 கட்டை என்றால் சுமார் 43.7, 6 கட்டை என்றால் 55. கிக்கின் வால் எந்த சுருதியில் முடிகிறதோ அதிலேயே மற்ற எல்லாமும் நிற்க வேண்டும். கிக் 5 கட்டையிலும் மேலே ஓடும் சிந்தசைசர் (சிந்த்) ஐந்தரையிலும் இருந்தால் கேட்பவருக்குக் காரணம் தெரியாமலே வயிற்றைப் பிசையும். முதலில் சுருதியை முடிவு செய், பிறகு கிக்கைச் செய். தம்புரா ஆப்பைப் பக்கத்தில் ஓடவிட்டு ஒத்துப்பார்த்தாலே போதும்.

வாலின் நீளத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. 60,000ஐ வேகத்தால் வகு. 180 வேகம் என்றால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 333 மில்லிசெகண்ட். 200 என்றால் 300. உன் கிக் அதைவிட நீளமாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எல்லாம் சேறாகிவிடும். 333க்குள் முடிகிற மாதிரி வெட்டி, கடைசியில் பொடியாக ஒரு ஃபேட் கொடு, இல்லையென்றால் 'டிக்' என்று கேட்கும். திருப்தியானதும் அதை வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, எல்எம்எம்எஸின் ஆடியோஃபைல் பிராசஸரில் போட்டு வாசி. நான்கு எஃபெக்டும் ஓயாமல் ஓடும் பாரம் லேப்டாப்புக்குக் குறையும். சித்திரை வெயிலில் ஃபேன் கதறும்போது இதன் அருமை தெரியும். நல்ல கிக் எதையும் அழிக்காதே. தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் சேர்த்துக்கொண்டே வா.

ஹூவர் சத்தம் என்று ஒன்றை எல்லாரும் கேட்பார்கள். ரோலண்ட் ஆல்ஃபா ஜூனோ என்ற சிந்திலிருந்து வந்த உறுமல் அது. 1991இல் வந்த 'மென்டாசம்' பாட்டுக்குப் பிறகு ஹார்ட்கோர் முழுக்கப் பரவியது. எல்எம்எம்எஸின் டிரிபிள் ஆஸிலேட்டரில் மூன்று அலைகளையும் ரம்பப் பல் வடிவத்தில் வைத்து, ஒன்றை ஒரு ஸ்தாயி இறக்கி, மற்ற இரண்டையும் சுருதியிலிருந்து இம்மி விலக்கி, மேலே கோரஸ் போட்டால் கிட்ட வந்துவிடும். நான் இதில் ரொம்ப நேரம் செலவழிக்கச் சொல்லமாட்டேன். அதைவிட நல்ல சத்தங்கள் நம் ஊரில் கிடக்கின்றன.

சாரல் சீசனில், ஆனி ஆடியில், ஐந்தருவிக்குப் போகும்போது செல்போனில் அருவியை ரெக்கார்ட் செய். மிக அருகில் போகாதே, சத்தம் மைக்கை அடைத்துவிடும், போனும் நனையும். சற்றுத் தள்ளி, ஜனச் சத்தம் குறைந்த பக்கமாக ஒரு நிமிடம் எடு. அருவிச் சத்தத்தில் கீழ் ஒலியிலிருந்து மேல் ஒலி வரை எல்லா அலைவரிசையும் கலந்திருக்கும். சிந்தில் 'நாய்ஸ்' என்று இருப்பதும் அதுதானே. ஆடாசிட்டியில் அதிலிருந்து 50 மில்லிசெகண்ட் துண்டு வெட்டு, ஃபேட் அவுட் கொடு, 5,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நீக்கு. அருமையான ஹை-ஹாட் உன் கையில். 180 வேகத்தில் ஓர் அடியை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 83 மில்லிசெகண்ட் கிடைக்கும், அதற்குள் இது கச்சிதமாக உட்காரும். வேறு வேறு இடத்திலிருந்து நான்கைந்து துண்டு வெட்டி மாற்றி மாற்றிப் போட்டால் மெஷின் வாசிப்பது மாதிரியே இருக்காது. கீழக்கடையம் ஸ்டேஷனில் ரயில் நின்று கிளம்பும் சத்தத்தையும் இப்படியே பிளாட்பாரத்தில் இருந்தபடி எடுக்கலாம். தண்டவாளப் பக்கம் இறங்காதே.

மகுடம் என்ற மேளத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். கணியான் கூத்தில் உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று என இரண்டு மகுடம் வாசிப்பார்கள். தீயில் காட்டித் தோலை இறுக்கிய மகுடத்தின் அடியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ராட்டர்டாம் கிக் புதுசாகத் தெரியாது. கோயில் கொடையில் சாமி வரும் நேரத்து வேகம் உன் உடம்புக்கு ஏற்கெனவே பழக்கம். ஆனால் அந்த வேகத்தை அவர்கள் எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்று கவனித்திருக்கிறாயா? இரவு முழுக்க ஒரே ஓட்டம் கிடையாது. கதை நிதானமாகப் போகும், தாளம் ஒதுங்கிக்கொள்ளும், நடுவில் ஒரு வெற்றிடம் விழும், அதன்பின் அடி நெருங்கி நெருங்கி வரும். ஹார்ட்கோர் செய்யப் புதிதாக வருகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். முதல் நொடியிலிருந்து 180இல் கிக்கை ஓடவிட்டால் ஒரு நிமிடத்தில் காது மரத்துப்போகும், வேகம் வேகமாகவே தெரியாது. நான்கு அடி சேர்ந்தது ஒரு பார்; அப்படி எட்டு பாருக்குக் கிக்கை எடுத்துவிடு. திரும்பக் கொண்டுவரும்போது முதலில் இரண்டு அடிக்கு ஒன்று, பிறகு ஒவ்வோர் அடிக்கும் ஒன்று, பிறகு ஓர் அடிக்குள் இரண்டு. டெம்போவைத் தொடாமலேயே ஓட்டம் கூடிவிடும்.

ஊர் மேளத்தையும் ஹார்ட்கோரையும் சேர்ப்பது என் கற்பனையும் இல்லை. பாலித் தீவில் காபர் மோடஸ் ஒப்பராண்டி என்ற இரட்டையர், ஜாவாவின் ஜதிலான் என்ற ஆவேச ஆட்ட இசையையும் கேமலான் வாத்திய இசையையும் காபரோடு சேர்த்து 2018இலும் 2019இலும் ஆல்பம் போட்டார்கள். அவர்களில் ஒருவரான காசிமினை 2022இல் ஐஸ்லாந்துப் பாடகி ப்யோர்க் தன் 'ஃபொசோரா' ஆல்பத்துக்கு அழைத்துக்கொண்டார். தான்சானியாவின் டார் எஸ் சலாமில் எளிய வீட்டு ஸ்டுடியோக்களில் பிறந்த சிங்கேலி இசை, 200ஐத் தாண்டி ஓடும். 2017இல் 'சவுண்ட்ஸ் ஆஃப் சிஸ்ஸோ' தொகுப்பு வந்த பிறகு ஐரோப்பிய மேடைகளுக்குப் போனது. நம் ஈழத்துப் பெண் மாயா அருள்பிரகாசம், எம்ஐஏ என்ற பெயரில் முதல் பாட்டுகளை இரவல் வாங்கிய ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரே பெட்டியில் செய்து பழகினார். பின்னாளில் 'பேர்ட் ஃப்ளூ' பாட்டுக்கு உறுமி மேளத்தைக் கொண்டுவந்தார். வீட்டில் யாராவது இந்த வெளிநாட்டு இரைச்சல் நமக்கு எதுக்குட்டி என்று கேட்டால், வாதம் செய்யாதே. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கிக் நெருங்கி வரும் இடத்தைக் கேட்கவை. கொடை பார்த்த காதுக்கு விளக்கம் தேவைப்படாது.

ஆனால் மேளத்தை எடுப்பதற்கு முறை இருக்கிறது. கொடை நடக்கும்போது கூட்டத்தில் நின்று போனில் பிடித்துக்கொண்டு வந்து பாட்டில் போடாதே. அது சாமி காரியம், அவர்களுடைய பிழைப்பும்கூட. பகலில், பெரியவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு, வாசிக்கும் அண்ணாச்சி வீட்டுக்கே போ. என்ன செய்யப் போகிறாய் என்று உன் பாட்டைப் போட்டுக்காட்டு. சம்மதம் சொன்னால் அவர் கேட்கும் கூலியைக் கொடு, பாட்டில் அவர் பெயரைப் போடு, பிற்பாடு காசு வந்தால் பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். சாமியை வரவழைக்கும் பாட்டை அவர்களே தந்தாலும் நீ தொடாமல் இருப்பது நல்லது என்பது என் எண்ணம். அடி மட்டும் போதும். போனை மேளத்திலிருந்து பத்தடி தள்ளி வை, பக்கத்தில் வைத்தால் போன் தானாகச் சத்தத்தைக் குறைத்து அடியை நசுக்கிவிடும். முழு வாசிப்பைவிட ஒற்றை ஒற்றை அடிகளை அதிகம் கேட்டு வாங்கு: நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, தோல் காய்ச்சுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே மூன்று செகண்ட் விடச்சொல். உன் கிக்கின் தலையில் அந்த ஓரத்து அடியின் முதல் 20 மில்லிசெகண்டை ஒட்டிப்பார். உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத கிக் அது.

சினிமா வசனத்தை வெட்டிப் போடும் ஆசை வரும். வேண்டாம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும், பாட்டை ஏற்றிய மறுநாளே எடுத்துவிடுவார்கள். உன் சித்தியின் குரலை வாங்கிப் போடு.

காதைப் பற்றி நான் கண்டிப்பாகவே பேசுவேன். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்பது தொழிலகப் பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100க்குப் போனால் கால் மணி நேரம்தான். ஹெட்போனை முழுக்க வைத்தால் அந்த 100ஐ எளிதில் தொடலாம், கிழிந்த கிக் அதைத் தொடத் தூண்டும். பக்கத்தில் ஒருவர் பேசுவது கேட்கும் அளவுக்கு வைத்தே வேலை செய். மிக்ஸிங்குக்கும் அதுதான் சரி: சின்னச் சத்தத்திலும் கிக் முன்னால் நின்றால், பெரிய சத்தத்தில் தானாக நிற்கும். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடி. காதுக்குள் 'கொய்ங்' கேட்டால் அன்றைக்கு மூடிவிடு. மறுநாளும் நிற்காவிட்டால் காது டாக்டரைப் பார். ராத்திரி பத்துக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது. தாழ்ந்த சத்தம் சுவரைத் தாண்டிப் போகும், நம் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர்.

ஐப்பசி கார்த்திகையில் இடி தொடங்கினால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டு. புராஜெக்டை ஒரே பெயரில் சேமிக்காமல் 01, 02 என்று நம்பர் கூட்டிச் சேமி. வாரம் ஒருமுறை பென்டிரைவில் பிரதி எடு.

மாஸ்டர் தடத்தில் மீட்டர் மேலே முட்டாமல் 6 டெசிபல் இடம் விட்டு மிக்ஸ் செய், கடைசியில் மட்டும் லிமிட்டர் போடு. கிழிசல் கிக்கில் இருக்க வேண்டும், மாஸ்டரில் இருக்கக் கூடாது. எட்டு பாரைச் சுற்றிச் சுற்றிக் கேட்டு மயங்கிக் கிடக்காதே, அது பாட்டு ஆகாது. 180 வேகத்தில் மூன்று நிமிடம் என்பது 135 பார். பதினாறு பதினாறு பாராகப் பிரித்து, எங்கே கிக் இல்லை என்பதை முதலில் குறி. மற்றதை அதைச் சுற்றிக் கட்டு. இரண்டு வாரத்தில் முடி, முடிந்ததைத் தொடாதே, அடுத்ததற்குப் போ.

நான்கைந்து பாட்டு கையில் சேர்ந்த பிறகு ஊரில் ஏதாவது விசேஷத்துக்கு ரேடியோ செட் கட்டும் அண்ணாச்சியிடம் முன்கூட்டியே கேட்டுவை. சாயங்காலம் செட் கட்டி முடித்து மைக் டெஸ்ட் செய்யும் நேரத்தில் ஐந்து நிமிடம் உன் பென்டிரைவைப் போடச்சொல். குழாய் ஸ்பீக்கரில் பேஸ் அறவே வராது, கிக்கின் நடுப்பகுதி மட்டும்தான் கேட்கும். அங்கேயும் அடி அடியாகத் தெரிகிறதா என்று பார். பிறகு பெட்டி ஸ்பீக்கரின் முன்னால் நில், இருபது அடி தள்ளி நில், பந்தலின் பின்பக்கம் போய் நில். எங்கே எது காணாமல் போகிறது என்று போனில் குறித்துக்கொண்டு வந்து, முதலில் அந்த 200 ஹெர்ட்ஸைத் திருத்து. பென்டிரைவில் வேவ் பிரதியோடு எம்பி3 பிரதியும் இருக்கட்டும், சில பழைய பிளேயர்கள் எம்பி3ஐ மட்டும்தான் படிக்கும்.